ஏறும்போது தனிக் கணக்கு, இறங்கும்போது மௌனம்!

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் மீனம்பாக்கம் விமான நிலையம். துபாய்க்கும் ரியாத்துக்கும் பிழைக்கப் போகும் நம் இளைஞர்களும், டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சரக்கு அனுப்பும் நம் வியாபாரிகளும் மிதிக்கும் வாசல் அது. அங்கே நம்மிடம் வாங்கப்படும் ஒரு தொகையைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதன் பெயர் எரிபொருள் கூடுதல் கட்டணம்.

எண்ணெய் விலை ஏறினால் விமானக் கட்டணமும் ஏறும். இதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் எரிபொருள் பெயரைச் சொல்லித் தனியாக வசூலிப்பவர்கள், விலை இறங்கினால் என்ன செய்கிறார்கள்?

2023 அக்டோபர் 6 முதல் இண்டிகோ நிறுவனம் தூரத்திற்கேற்ப 300 ரூபாய் முதல் 1000 ரூபாய் வரை இக்கட்டணத்தை வசூலித்தது. எரிபொருள் விலை குறைந்ததும் 2024 ஜனவரி 4ல் விலக்கிக் கொண்டது. விலக்கியது நல்லதே! ஆனால் ஜனவரி கடைசியில் பறக்க டிசம்பரிலேயே பணம் கட்டியவரின் கதி? அவருக்குத் திருப்பித் தந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சரக்குக் கட்டணத்தின் கதை இன்னும் கசப்பானது. 2008 மே மாதம், கிலோவுக்கு 5 ரூபாய் என்று விமான நிறுவனங்கள் ஒரே தொகையாக வசூலைத் தொடங்கின. அவ்வாண்டு ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. எரிபொருள் விலை விழுந்தபோதும் சரக்கின் மீதான கட்டணம் அதற்கேற்பக் குறையவில்லை என்று கூரியர் நிறுவனங்களின் சங்கம் முறையிட்டது. நிறுவனங்கள் கூடிப் பேசியே கட்டணத்தை நிர்ணயித்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2015ல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணை நடந்தது. 2018 மார்ச்சில் ஜெட் ஏர்வேஸுக்கு 39.81 கோடி, இண்டிகோவுக்கு 9.45 கோடி, ஸ்பைஸ்ஜெட்டுக்கு 5.10 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அபராதம் யாருக்குப் போகும்? அரசு கஜானாவுக்கு! கிலோவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த வியாபாரியின் கைக்கு அல்ல.

லண்டனில் என்ன நடந்தது? பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் பேசி வைத்து எரிபொருள் கட்டணத்தை ஏற்றியது 2007ல் அம்பலமானது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அங்கே முதலில் 12 கோடியே 15 லட்சம் பவுண்டு அபராதம் அறிவிக்கப்பட்டது. அத்துடன் விடவில்லை. வழக்கு தொடரப்பட்டு, 2008ல் இரு நிறுவனங்களும் பயணிகளுக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இன்னொரு அநியாயம். டிக்கெட்டை ரத்து செய்தால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை வரை நிறுவனம் பிடித்துக் கொள்ளலாம் என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பறக்காதவனிடம் எரிபொருளுக்குக் காசா? எரிபொருள் பெயரால் வாங்கியதை, வரியைப் போலவே முழுதாகத் திருப்பித் தர வேண்டும். விலை குறைந்து கட்டணம் விலக்கப்பட்டால், இனிமேல்தான் பறக்கப் போகிறவருக்கும் திருப்பித் தர வேண்டும். மத்திய அரசு விதியைத் திருத்தட்டும்!

அதுவரை, இருக்கும் உரிமையையாவது இழக்காதீர்கள். எவ்வளவு மலிவான டிக்கெட்டானாலும், பயணம் ரத்தானால் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் உங்களுக்கே சொந்தம். ஏஜெண்டிடம் எடுத்திருந்தாலும் பணம் திரும்ப வருவதற்கு விமான நிறுவனமே பொறுப்பு. கட்டண விவரத்தைத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது.

வியாபாரிகள் சங்கமாகத் திரண்டால், போட்டிச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. முந்நூறு ரூபாய்தானே என்று ஒவ்வொருவரும் விட்டுக் கொடுப்பதில்தான் கோடிகள் சேருகின்றன. கேட்காதவனுக்கு எவரும் தேடி வந்து கொடுக்கப் போவதில்லை!