படலம் வண்ணத்தைக் காக்கும். படலத்தைக் காப்பது யார்?

புதிய கார் வாங்குவோர் பலர், அதன் வண்ணப்பூச்சின் மேல் ஒட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படலத்தையும் இன்று உடன் வாங்குகின்றனர். கடைக்காரர்கள் ‘பி.பி.எஃப்.’ என்று சுருக்கிச் சொல்லும் இதனை வண்டி முழுவதும் ஒட்டினால் செலவு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு செலவிட்டபின் இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். படலத்தின் ஆயுள், நாள்தோறும் வண்டியைத் துடைக்கும் கையில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட பாலியூரித்தேன் படலமே இதன் மூதாதை. நெகிழும் தன்மையுடையதாதலால், தெறித்து வரும் கல்லின் விசையை இது தானே ஏற்றுக்கொள்ளும். தரமான படலங்களின் மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயிலின் சூட்டில் மறைந்தும் போகும். மேற்பூச்சைக் கடந்து ஆழப் பதிந்த கீறலோ மறையாது.

தில்லி இப்படலத்துக்குக் கடினமான ஊர். கோடையில் புழுதிக்காற்று வீசும். மழை தொடங்கும் நாட்களில், அசோகா சாலை போன்ற நாவல்மரச் சாலைகளில் நிற்கும் வண்டிகளின் மேல் பழச்சாறு கறையாகப் படியும். குளிர்காலத்தில் புகைக்கரி பனியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். புறா எச்சமோ எல்லாப் பருவத்துக்கும் உரியது. இவை அனைத்தையும்விட மிகுதியாகக் கேடு செய்வது, உலர்ந்த புழுதியின் மேல் துணியை அழுத்தித் தேய்க்கும் காலைநேர வழக்கம். ஒரே வாளி நீரில் ஒரே துணியை நனைத்துப் பல வண்டிகளைத் துடைக்கும்போது, முதல் வண்டியின் மணல் அடுத்த வண்டியை உப்புத்தாள் போல உராய்கிறது. புழுதி படிந்த வண்டிக்கு உறை போடுவதும் அதே தீங்கைச் செய்யும்.

அப்படியானால் குழாய் வைத்துக் கழுவலாமா? 2024 மே மாதத்தில் வெப்பமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்து வாட்டியபோது, குழாய் நீரால் கார் கழுவுவோர்க்கு 2,000 ரூபாய் தண்டம் விதிக்கத் தில்லி அரசு ஆணையிட்டது. அவ்வாண்டு மார்ச்சில், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் என்று பெங்களூருக் குடிநீர் வாரியமும் அறிவித்திருந்தது. இந்த ஆணைகளைப் படலத்துக்குப் பகையாக நாம் கருதவில்லை. முறையறிந்து கழுவினால் இரண்டு வாளி நீரே போதும்.

ஒரு வாளியில் வண்டிகளுக்கென விற்கும் மென்மையான ஷாம்புக் கரைசலும் மற்றொன்றில் வெறும் நீரும் இருக்கட்டும். முதலில் சிறிது நீர் தெளித்துப் புழுதியை இளக்குங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடையுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்புவில் தோயுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளிகள் தங்கும். எனவே நிழலில் கழுவி, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சற்றுநேரம் வைத்து ஊறவிட்டு எடுங்கள். விசைநீர்க் குழாயைப் படலத்தின் விளிம்புக்கு நேராகப் பிடித்தால் விளிம்பு பெயரும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தேய்ப்புப் பசை ஆகியவை படலத்தின் பக்கமே வரலாகாது. புதிதாக ஒட்டிய படலம் நன்கு பற்றும்வரை, ஒட்டியவர் சொல்லும் நாள்வரை, கழுவாதிருங்கள்.

இவற்றையெல்லாம் நாம் அறிந்திருந்தும், விடியற்காலையில் வண்டியைத் துடைக்க வருபவர் அறியாவிட்டால் பயனில்லை. அவரைக் குறை கூறுவதில் நியாயமும் இல்லை. வாளியும் துணியும் அவர் சொந்தச் செலவு. மாதக் கூலியோ சொற்பம். நாள்தோறும் வண்டி பளபளக்க வேண்டும் என்று கேட்பவர்களும் நாமே. அவருக்கு இரண்டாவது வாளியும் நல்ல துணிகள் சிலவும் வாங்கிக் கொடுப்போம். நாள்தோறும் கண்ணாடிகளை மட்டும் துடைத்து, வாரம் ஒருமுறை வண்டியை முறையாகக் கழுவினால் போதும் என்போம். அதற்காகக் கூலியைக் குறைக்காமல், இயன்றால் கூட்டித் தருவோம். இதற்கு ஆகும் செலவு, கெட்டுப்போன ஒரு கதவின் படலத்தை மாற்றும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

படலத்தின் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். காரின் காப்பீட்டில் படலமும் அடங்குமா என்று நிறுவனத்திடம் கேட்டு அறியுங்கள். வாங்கும் நாளில் செலவிட்ட இலட்சத்தைக் காப்பது, அதன்பின் மாதந்தோறும் மனமுவந்து செலவிடும் சில நூறு ரூபாய்களே.