பன்முக அறிவு, புதிய குலக்கல்வியா?

கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் ‘பன்முக அறிவு’ என்ற சொல் அடிக்கடி கேட்கிறது. 1983இல் ஹோவர்ட் கார்ட்னர் முன்வைத்த கோட்பாடு இது. அறிவு ஒன்றல்ல, மொழி, கணக்கு, இசை, உடலியக்கம் எனப் பலவகை என்கிறது. ஒற்றை மதிப்பெண்ணைக் காட்டித் ‘தகுதி, திறமை’ பேசுவோரிடம் நாம் எடுத்துவைக்கக்கூடிய வாதம்தான். ஆனால், அப்படியே விழுங்கிவிட முடியாது.

1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே அறிவுத் தேர்வை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியத்தான். அதை 1916இல் அமெரிக்காவுக்கேற்பத் திருத்தி வெளியிட்ட லூயிஸ் டெர்மனோ, கருப்பின, மெக்சிக, பழங்குடிக் குழந்தைகளின் மந்தம் இனத்தோடு வருவது என்றார். தனி வகுப்பில் வைத்துக் கைவேலை பழக்கினால் நல்ல வேலையாட்கள் ஆவார்கள் என்றும் எழுதினார்.

அதே 1916இல்தான் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். யாருக்குப் படிப்பு வராது என்று ஊர் சொன்னதோ, அவர்களுக்காகவே அந்தப் பள்ளி.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் டெர்மன் வழிதான்: அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில். பெரியாரும் மக்களும் போராடி 1954இல் அதை ஒழித்தார்கள். இன்று ஒரு பேராசிரியர், “உனக்குக் கைத்திறன் அதிகம், கணக்கு எதற்கு?” என்று கனிவாகக் கேட்டாலும் அது குலக்கல்விதான்.

மாணவரின் அறிவைவிட, அறிவைப் பற்றி ஆசிரியர் என்ன நம்புகிறார் என்பதே முதன்மையான கேள்வி. 2019இல் எலிசபெத் கேனிங் குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 150 பேராசிரியர்களையும் 15,000க்கு மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களையும் ஆராய்ந்தார்கள். திறமை பிறவியிலேயே முடிவானது என்று நம்பும் ஆசிரியர்களின் வகுப்புகளில், இனங்களுக்கிடையிலான மதிப்பெண் இடைவெளி இருமடங்கு வரை இருந்தது. இங்கே அந்த நம்பிக்கைக்குப் பெயர் சாதி.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. அங்கும் கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரிகளிலும் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறார்கள் நம் பிள்ளைகள். புதுமைக் கற்பித்தல் என்றால் அவர்களுக்குச் செய்யவேண்டியது இதுதான்: கடினமான பாடத்தைத் தமிழிலும் விளக்குங்கள். எழுத்து, பேச்சு, செய்முறை எனப் பல வழிகளில் தேர்வு வையுங்கள். அகமதிப்பீட்டு விடைத்தாளைப் பெயர் மறைத்துத் திருத்துங்கள். ‘அடிப்படையே இல்லை’ என்று சொல்வதை விட்டு, அந்த அடிப்படையைச் சொல்லிக்கொடுங்கள்.

வழிகள் பலவாக இருக்கட்டும். போய்ச் சேரும் இடம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும்.