கருவிக்கு முன்னே கைவேலை

குமுளியின் கடைத்தெருவில் நடப்போரை முதலில் வரவேற்பது ஏலக்காயின் நறுமணமே. அந்த நறுமணத்தைத் தரும் எண்ணெயே இரசாயனப் பரிசோதகருக்குப் பெருந்தொல்லையாக அமைகிறது என்பதைப் பலர் அறியார்.

2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்தின் எச்சம் அனுமதித்த அளவை மீறியிருந்ததாக வந்த அறிக்கையின்பேரில், கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. வழக்கு எவ்வாறு முடியினும், பரிசோதனைத் தாளிலுள்ள ஓர் எண் எத்தனை பேரின் வாழ்வைத் தொடுகிறது என்பதை அது காட்டிற்று. அவ்வெண்ணை நம்பத்தக்கதாக்குவது எது? விலையுயர்ந்த கருவி என்பர் பெரும்பாலோர். மாதிரியைப் பக்குவப்படுத்தும் பணியே என்பது என் கருத்து.

எச்சத்தை ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரையிலும் தேட நேரிடுகிறது. அதாவது, ஒரு டன் ஏலக்காயில் 10 மில்லிகிராம்! பொடித்த காயை நீரில் ஊறவைத்து, அசிட்டோநைட்ரைலுடன் குலுக்கி, உப்புகள் சேர்த்தால் கரைப்பான் மேலே பிரிந்து நிற்கும். மருந்துடன் எண்ணெயும் பச்சையமும் அதில் இறங்கியிருக்கும். இவை கருவியை மயக்குவன. ஆகவே, அக்கரைசலைத் திண்மத்தூள் நிரப்பிய சிறு குழலின் வழியே செலுத்துவர். அல்லது 2003-இல் அனஸ்டாசியாடஸ், லெஹோட்டே முதலியோர் வெளியிட்ட முறைப்படி, தூளைக் கரைசலிலேயே இட்டுக் குலுக்கிப் பிரிப்பர். தூள் இடையூறுகளைப் பற்றிக்கொள்ள, மருந்து கரைசலில் தங்கும்.

இங்கும் அளவறிதல் வேண்டும். பச்சையத்தை நீக்கும் கரித்தூள் மிகுந்தால், கார்பென்டாசிம் போன்ற தட்டை வடிவ மூலக்கூறுகளையும் அது விழுங்கிவிடும். நஞ்சுள்ள சரக்கு நல்ல சரக்காகத் தோன்றும். எனவேதான், தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, அதில் 70 முதல் 120 சதவீதம் மீண்டும் கிடைக்கிறதா என்று சரிபார்க்கின்றனர்.

சொல்லிலும் கவனம் தேவை. இப்படியை நான் ஒருமுறை ‘சுத்தம் செய்தல்’ என மொழிபெயர்த்தேன். அதைப் படித்த தோட்டக்காரர் ஒருவர், “ஐயா, கழுவிவிட்டு மருந்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?” என்று வினவினார். பிழை என்னுடையதே. இப்பொழுது ‘இடையூறு நீக்கல்’ என்றே எழுதுகிறேன்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூட்டையின் மேலே அள்ளிய ஒரு பிடி, மாதிரி ஆகாது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி எனப் பலவிடத்தும் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்துக் குறையுங்கள். கடைசியாக மருந்து தெளித்த நாளையும் குறியுங்கள். மாதிரியில் நேர்ந்த தவற்றை எக்கருவியும் திருத்தாது.

ஆசிரியர்கள் கீரையைச் சாராயத்தில் நசுக்கி, அப்பச்சைச் சாற்றைத் தூண்டிய கரித்தூளுடன் குலுக்கி வடிகட்டிக் காட்டலாம். பச்சை மறைவதைக் கண்ட மாணவன், மறைந்தது நிறம் மட்டுந்தானா என்றும் கேட்பான். அக்கேள்வியே விஞ்ஞானத்தின் தொடக்கம்.