பட்டங்கள் பல, எடுத்துச் சொல்வார் யார்?

பிளஸ் டூ பரீட்சையின் முடிவுகள் வெளியான சில தினங்களுக்குள் தமிழ்நாட்டில் லக்ஷக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் தங்கள் ஆயுளில் மிக முக்கியமான தீர்மானம் ஒன்றைச் செய்து முடித்துவிடுகிறார்கள். எந்தப் பட்டத்திற்குப் படிப்பது, எந்தப் பாடத்தைப் பிரதானமாகக் கொள்வது என்பதே அத்தீர்மானம். இதற்கு அவர்கள் யாரிடம் யோசனை கேட்கிறார்கள்? தகப்பனார் படித்தவரானால் அவரிடம். இல்லையேல் பக்கத்துத் தெருப் பட்டதாரியிடம். அவரும் இல்லையேல், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பும் பிரௌசிங் சென்டர்காரரிடம். இக்காரியத்தில் சர்வகலாசாலைக்கும் கலாசாலைக்கும் பொறுப்பு ஒன்றும் கிடையாதா என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி.

சென்ற சில வருஷங்களில் தேசமெங்கும் பட்டப் படிப்பின் உருவமே மாறி வருகிறது. 2020ம் வருஷத்துத் தேசீயக் கல்விக் கொள்கையை அனுசரித்து, சர்வகலாசாலை மானியக் கமிஷனாகிய யு.ஜி.சி. 2022 டிசம்பரில் ஒரு திட்டம் வெளியிட்டது. அதன்படி 40 கிரெடிட் பெற்று ஒரு வருஷத்தில் வெளியேறுவோருக்கு சர்ட்டிபிகேட். 80 கிரெடிட்டுடன் இரண்டாம் வருஷத்தில் வெளியேறினால் டிப்ளமா. 120 கிரெடிட்டுக்கு மூன்று வருஷப் பட்டம். 160க்கு நாலு வருஷ ஆனர்ஸ். முதல் இரண்டு வாசல்களில் வெளியேறுவோர் கோடையில் 4 கிரெடிட்டுக்குத் தொழிற்பாடம் ஒன்றும் படித்திருக்க வேண்டும். இடையில் நின்றவர் மூன்று வருஷத்திற்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழு வருஷத்திற்குள் முடித்தாக வேண்டும். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவிகிதம் வாங்கியவர் நாலாம் வருஷத்தில் ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸுக்குப் போகலாம். மேஜர், மைனர், இரட்டை மேஜர் என்ற பாகுபாடுகள் வேறு. நிதானமாகப் படிக்கும் நேயர்களுக்கே மூச்சு வாங்கும் இவ்விதிகளைப் பதினேழு வயதுப் பிள்ளை தனியே உட்கார்ந்து எவ்வாறு அளந்து பார்ப்பான்?

தெரிவுகள் பெருகுவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இம்முறை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1869ல் ஹார்வர்டு கலாசாலையின் தலைமையை ஏற்ற சார்லஸ் எலியட் என்பவர், மாணாக்கன் தன் பாடங்களைத் தானே பொறுக்கிக்கொள்ளும் முறையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தார். அந்த சுதந்திரத்தைக் கொடுத்தவர்கள், புதிதாக வரும் மாணாக்கர்களுக்கு ஆலோசகர்களாக ஆசிரியர்களை நியமிக்கும் ஏற்பாட்டையும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே செய்துவிட்டார்கள். 1909ல் எலியட்டுக்குப் பின் வந்த லாவல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டுமென்று தெரிவுக்கு வரம்பும் கட்டினார். நாம் கிரெடிட்டை இறக்குமதி செய்தோம், மேஜரையும் மைனரையும் இறக்குமதி செய்தோம். ஆலோசகரை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

ஆலோசனை ஒருபுறமிருக்க, விதியே நிலையாக நிற்பதில்லை. டில்லி சர்வகலாசாலை 2013ல் நாலு வருஷப் படிப்பை அவசரமாகப் புகுத்திற்று. 11 அடிப்படைப் பாடங்கள் எல்லோருக்கும் கட்டாயமாயின. 2014 ஜூனில் யு.ஜி.சி.யின் உத்தரவின் பேரில் அது கைவிடப்பட்டது. நாலு வருஷமென்று நம்பிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மூன்று வருஷ முறைக்குத் திருப்பப்பட்டனர். 2022ல் அதே சர்வகலாசாலை மறுபடியும் நாலு வருஷத்திற்கு வந்தது.

தமிழ்நாட்டு சர்க்கார் புதிய கொள்கையை ஏற்கவில்லை. ராஜ்ய சர்வகலாசாலைகளின் கீழ் மூன்று வருஷப் பட்டமே தொடர்கிறது. அந்த ராஜீய வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. இங்குள்ள விதிகள் மட்டும் எளியவையா? பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறு பாஷை, இரண்டில் ஆங்கிலம், மூன்றில் பிரதான பாடமும் அதன் துணைப் பாடங்களும், நாலில் சுற்றுச்சூழல் கல்வி முதலியன, ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விஸ்தரிப்புப் பணி. இவை எல்லாம் சேர்ந்து பல சர்வகலாசாலைகளில் 140 கிரெடிட் ஆகின்றன. நாலாம், ஐந்தாம் பகுதிகளைப் பொழுதுபோக்கென்று அசட்டை செய்யும் பிள்ளைகள், பிரதான பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியும், ஒரு சிறு பரீட்சையில் அரியர் நின்றதால் பட்டமின்றித் தவிப்பார்கள். மேல்படிப்பிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 2022ம் வருஷத்து யு.ஜி.சி. விதிகளின்படி நாலு வருஷப் பட்டத்தில் 75 சதவிகிதம் வாங்கியவர் நேரே பிஎச்.டி.க்கு மனுச் செய்யலாம். மூன்று வருஷப் பட்டதாரி இரண்டு வருஷ எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி.யை முடித்தாக வேண்டும். ஆராய்ச்சியில் ஆசையுள்ள மாணாக்கனுக்குச் சேரும் தினத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது.

இவற்றைவிடக் கொடியது பட்டத்தின் பெயரைப் பற்றிய விவகாரம். கலாசாலைகள் மாணாக்கரைக் கவர்வதற்காகப் பழைய பாடத்தோடு புதிய அடைமொழி ஒன்றைச் சேர்த்துப் புதுப் பட்டங்களை ஆரம்பிக்கின்றன. பாடம் அதேதான்; அல்லது ஏறக்குறைய அதேதான். மூன்று வருஷம் சம்பளம் கட்டிப் படித்து, சர்வகலாசாலையின் முத்திரையோடு பட்டத்தையும் பெற்று, சர்க்கார் உத்தியோகத்திற்கு மனுச் செய்யும்போதுதான், அப்பட்டம் விளம்பரத்தில் கண்ட பட்டத்திற்கு இணையானதா என்ற கேள்வி பிறக்கிறது. இணையானதென்று சர்க்கார் உத்தரவு இருந்தால் பிழைத்தான்; இல்லையேல் அவன் மனு தள்ளுபடி. முதுகலை ஆசிரியர் நியமனத்திலோ, பி.ஏ.யும் எம்.ஏ.யும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டுமென்ற நிபந்தனை உண்டு, பி.எஸ்ஸி.யில் ஒன்றும் எம்.எஸ்ஸி.யில் வேறொன்றும் படித்தவர்கள் அப்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். இவ்வகை வழக்குகள் ஹைக்கோர்ட்டுக்குப் புதியவை அல்ல. முதற்பட்டம் இன்றித் திறந்த முறையில் நேராக எம்.ஏ. பட்டம் வாங்கிய ஒருவரின் விவகாரத்தில், அது உத்தியோகத்திற்குச் செல்லாதென்று 2009ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய பட்டங்களை அச்சிட்டு அளித்தவை சட்டப்படி அமைந்த சர்வகலாசாலைகளே என்பதை மறக்க முடியவில்லை.

நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால் விஷயத்தின் கடுமை புலப்படும். வக்கீல் மகனும் டாக்டர் மகளும் இக்குழியில் விழுவதில்லை. வீட்டிலேயே விசாரித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. 2021-22ம் வருஷத்து அகில இந்தியக் கணக்கின்படி, உயர்தரக் கல்வியில் சேர்ந்தோர் விகிதம் தேசத்தில் 28.4 ஆக இருக்கத் தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. பெருமைப்படத்தக்க கணக்குத்தான். ஆனால் இதன் மறுபக்கம் என்ன? வீட்டில் எவரும் கலாசாலை வாசலை மிதித்திராத பிள்ளைகள் திரளாக உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதே. தொழிற்கல்விச் சேர்க்கையில் சம்பளச் சலுகைக்காக, குடும்பத்தில் முதற்பட்டதாரி என்பதற்கு ரெவின்யூ இலாகா ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. அச்சான்றிதழை வேறு விதமாகவும் படிக்கலாம். இப்பிள்ளைக்கு யோசனை சொல்ல வீட்டில் யாருமில்லை என்று சர்க்காரே முத்திரை வைத்து ஒப்புக்கொள்ளும் தஸ்தாவேஜு அது. சம்பளத்தைத் தள்ளிக் கொடுத்ததோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடுமா?

வக்கீல் இல்லாத ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டுமென்று 1976ம் வருஷத்து 42வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவைச் சேர்த்தது. 1987ல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. சில ஆயிரம் ரூபாய் பெறுமான வழக்குக்குத் துணை அவசியமென்று ஒப்புக்கொள்ளும் ராஜ்யம், மூன்று வருஷ உழைப்பையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் பணயம் வைக்கும் பிள்ளைக்குத் துணை வேண்டாமென்று எவ்வாறு சொல்லும்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்பது நமது வாதமல்ல. 2022ல் ஆரம்பித்த நான் முதல்வன் திட்டமும், கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் பிளஸ் டூ மாணாக்கருக்கு எத்தனையோ படிப்புகளின் பெயரையாவது காதில் போட்டிருக்கின்றன. ஆனால் மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் செய்யும் பிரசங்கம் வேறு. ஒரு பிள்ளையின் மார்க்கையும் வீட்டு நிலைமையையும் பார்த்துச் சொல்லும் யோசனை வேறு. கலாசாலைகளிலோ, நாக் மதிப்பீட்டுக்காக எத்தனை மாணாக்கருக்கு எத்தனை ஆலோசக ஆசிரியர் என்று கணக்குக் காட்டப்படுகிறது. கணக்கில் உள்ள ஆசிரியரைத் தன் மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது தனியே சந்தித்துப் பேசிய மாணாக்கர் எத்தனை பேர் என்பதை நேயர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஏற்கனவே வேலைப் பளு அதிகம் என்பார்கள். உண்மையே, பல சர்க்கார் கலாசாலைகளில் வகுப்புகளைத் தாங்குபவர்கள் தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்களே. ஆகவேதான், ஆலோசனையை ஆசிரியரின் தர்மசிந்தைக்கு விடாமல் வேலை மணிகளில் சேர்க்க வேண்டுமென்கிறோம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடிப் போதனை என்று 2018ம் வருஷத்து யு.ஜி.சி. விதி கணக்கிடுகிறது. அந்த 16ல் இரண்டை ஆலோசனைக்கென்று ஒதுக்கிக் கால அட்டவணையிலேயே பதிந்தால் வேலை நடக்கும்.

இதற்குக் காலம் பிடிக்கலாம். பணச் செலவின்றி வருகிற சேர்க்கைக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பட்டத்திற்கும் ஒரே பக்கத்தில், தமிழில், ஒரு விவரப் பத்திரம் அச்சிட்டு, பணம் கட்டும் முன் மாணாக்கனிடம் கொடுக்க வேண்டும். அப்பட்டம் எந்தப் பட்டத்திற்கு இணையென்று சர்க்கார் உத்தரவு உள்ளது, உத்தரவின் எண்ணும் தேதியும் என்ன, உத்தரவு இல்லையானால் இல்லை என்ற வாசகம், எந்த மேல்படிப்புகளுக்கு அது தகுதி, எந்தெந்தப் பகுதிகளில் எத்தனை கிரெடிட் தேறினால் பட்டம் கிடைக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். கீழே பிரின்ஸிபாலின் கையொப்பமும் வேண்டும். பிற்பாடு விவகாரம் வந்தால் கோர்ட்டில் தாக்கல் செய்ய மாணாக்கனிடம் ஓர் ஆதாரமாவது இருக்கும்.