காற்று அடங்கியபோது

2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியதை நம் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று, நண்பகலை அடுத்துத் திடீரென்று அடங்கிற்று. "புயல் போய்விட்டது" என்று கூறி, அண்டை வீட்டார் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினர். துறைமுகத்தில் படகு செலுத்தி ஓய்வு பெற்ற தூத்துக்குடிப் பெரியவர் ஒருவர் மட்டும், "இறங்கி வாருங்கள், ஐயா! பாதிதான் முடிந்திருக்கிறது" என்று கூவினார்.

அவருக்கு அது எவ்வாறு தெரிந்தது?

மேட்டுநீர் பள்ளத்தை நாடுவது போல, காற்றும் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி ஓடுகிறது. அழுத்த வேறுபாடு குறுகிய தொலைவிற்குள் பெரிதாயின், வேகமும் பெரிதாகும். வேகம் இரு மடங்கானால் சுவரின் மீது அது தாக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்க. ஆயினும் நீரைப் போல் காற்று நேரே பள்ளத்தில் விழுவதில்லை. பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே வீசும் காற்று தன் வலப்புறமாக விலகுகிறது. (இவ்விளைவு திசையை மட்டுமே திருப்பும், வேகத்தைக் கூட்டாது.) அவ்வாறு விலகிய காற்று, தாழ்வழுத்த மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. தரையிலோ, மரமும் குன்றும் கட்டடமும் தடுப்பதால் அதன் வேகம் குன்றுகிறது. விலகலும் குறைந்து, காற்று மையத்தை நோக்கிச் சற்றே உட்சாய்கிறது.

இதிலிருந்து பிறந்ததே மாலுமிகள் கைக்கொள்ளும் விதி. ஒல்லாந்து அறிஞர் பய்ஸ் பாலட் 1857இல் இதனை வெளியிட்டார். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நம் நாட்டில் புயலின் மையம் உங்கள் இடக்கைப் புறம் இருக்கும். தரையில் நிற்பவருக்கு அது சிறிது முன்தள்ளியிருக்கும். திசை சிறிது சிறிதாக மாறி வருமாயின், மையம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறுமாயின், அது நம் தலைக்கு நேரே வருகிறது. மையத்தினுள் காற்று இராது. அது கடந்ததும், சுழலின் மறுபக்கம் எதிர்த் திசையிலிருந்து தாக்கும்.

பெரியவர் காலை முழுதும் சன்னலருகே அமர்ந்து நோக்கியது இதைத்தான். மாடியேறியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினர். சற்று நேரத்தில் காற்று மறுதிசையிலிருந்து சீறிற்று. காலையில் தப்பிய வேப்பமரம் அப்பொழுதுதான் சாய்ந்தது. தொட்டியின் மூடியை இன்றுவரை யாரும் கண்டதில்லை.