ஆச்சி தந்த சிரிப்பு



சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாவைத் தமிழர் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி விடையும் கண்டனர். மெய்ப்பாடுகள் எட்டினையும் வரிசைப்படுத்திய தொல்காப்பியர், அவற்றுள் நகைக்கே முதலிடம் அளித்தார். அந்நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் வகுத்தார். முதலில் நிற்கும் எள்ளல், பிறரை இகழ்வதால் வரும் சிரிப்பு. ஏனைய மூன்றும் பெரும்பாலும் அறியாமையையும் கள்ளமற்ற உள்ளத்தையும் சார்ந்தவை. நம் இல்லங்களில் நாள்தோறும் எழும் சிரிப்பு இவற்றுள் எவ்வகை என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத் துணையாக இம்மாதம் நாம் ஒரு நடிகையின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். குடும்ப இதழில் திரைப்பட நடிகைக்கு இடமா என்று சிலர் வியக்கலாம். தாயும் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து கூச்சமின்றிச் சிரிக்கும்படி அரை நூற்றாண்டு நடித்தவருக்கு இப்பக்கத்தில் இடமுண்டு என்றே நாம் கருதுகிறோம். அவரே ‘ஆச்சி’ மனோரமா.

1937-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டதால், தாயார் இராமாமிர்தம் கைக்குழந்தையோடு ஊரை விட்டுப் புறப்பட்டு, காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் தஞ்சம் புகுந்தார். அங்கே செல்வர் இல்லங்களில் வேலை செய்து மகளை வளர்த்தார். உழைப்பு மிகுதியால் தாயின் உடல் நலிந்து நோயுற்றபோது, மகள் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்குச் சென்றாள். அப்போது அவளுக்கு வயது ஏறத்தாழப் பதினொன்று.

திருத்தங்கல் வட்டாரத்து வாசகர்களுக்கு இச்செய்தி புதிதன்று. இன்று சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட அவ்வூரிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும், ஒரு தலைமுறைக்கு முன் எத்தனை சிறுமியர் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சென்றனர்! 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரைக் குறித்து எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்படும் ஒவ்வொரு சிறாருக்கும் 20,000 ரூபாயை அவர்தம் நலநிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்றது. இவையெல்லாம் வருமுன் வேலைக்குச் சென்ற சிறுமியருள் சிலர் இன்று நம் வீடுகளில் பாட்டியராக அமர்ந்திருக்கின்றனர். கோபிசாந்தாவும் அவர்களுள் ஒருத்தியே. ஒரு வேறுபாடு, அவளுக்குப் பாட வந்தது.

ஊருக்கு வந்த நாடகக் குழுவொன்றில் நடிகை ஒருவருக்குப் பாட வரவில்லை. பின்னணியில் பாடும் வாய்ப்பு இச்சிறுமிக்குக் கிட்டியது. குரலுக்காகச் சென்றவள் நடிக்கவும் கற்றாள். மேடை அவளுக்கு மனோரமா என்னும் பெயரையும் தந்தது. வைரம் நாடக சபையில் நடித்துவந்தவரைக் கண்ட எஸ். எஸ். இராஜேந்திரன் தம் நாடக மன்றத்தில் சேர்த்துக்கொண்டார். ‘மணிமகுடம்’, ‘தென்பாண்டி வீரன்’ முதலிய நாடகங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. பக்கம் பக்கமான வசனத்தைத் தடுமாற்றமின்றிப் பேசும் ஆற்றல் அங்கு வாய்த்ததே.

1958-ஆம் ஆண்டில் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ படத்தில் நகைச்சுவை வேடம் தரப்பட்டபோது மனோரமா தயங்கினார். மேடையில் கதாநாயகியாக நடித்தவர் அல்லவா? கதாநாயகியின் காலம் குறுகியது, நகைச்சுவை நடிகையின் காலமோ நெடியது என்று கவிஞர் எடுத்துரைத்ததாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. 1963-ஆம் ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘கொஞ்சும் குமரி’யில் அவர் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயினும் அவருக்குச் சோறிட்டதும் புகழ் தந்ததும் நகைச்சுவைதான்.

இடையே வாழ்க்கை மீண்டும் அவரைச் சோதித்தது. நாடகக் குழுவில் உடன் நடித்தவரைக் காதலித்து மணந்தார். ஓர் ஆண் மகவு பிறந்ததும் அம்மணம் முறிந்தது. தம் தாய் நின்ற அதே இடத்தில், கைக்குழந்தையோடு தாமும் நின்றார் மனோரமா. ஆனால் இம்முறை அருகில் தாய் இருந்தார். பேரனைத் தாய் கவனித்துக்கொள்ள, மகள் படப்பிடிப்புக்குச் சென்றார். ஒரே நாளில் பல படங்களுக்கு ஓடி ஓடி நடித்த காலம் அது. திரையில் அவர் தோன்றிய நொடியில் கொட்டகை சிரித்தது. அச்சிரிப்பைக் கொண்டே மூவர் வாழ்ந்த ஓர் இல்லத்தில் அடுப்பு எரிந்தது.

துயரத்தில் தொடங்கிய வாழ்வு நகைச்சுவையில் மலர்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத் திரையுலகில் பெரும்புகழ் பெற்ற நகைச்சுவை நடிகை மார்கரெட் ரூதர்போர்ட் 1892-ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர். குழந்தையாய் இருக்கையிலேயே பெற்றோர் அவரை நம் சென்னைப் பட்டினத்துக்கு அழைத்துவந்தனர். இங்கே தாயார் துயரமானதொரு சாவை எய்தினார். மூன்றே வயதான குழந்தை கடல் கடந்து திருப்பி அனுப்பப்பட்டு அத்தையிடம் வளர்ந்தது. முப்பது வயதைக் கடந்த பின்னரே அவர் தொழில்முறை நாடக மேடை ஏறினார். அழகி என்று யாரும் அவரை அழைத்ததில்லை. தாடையும் கன்னமும் குலுங்க அவர் நடந்துவரும் கோலமே மக்களைச் சிரிக்கவைத்தது. அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக 1960-களில் நான்கு படங்களில் நடித்தார். எழுபது வயதைக் கடந்தபின் ஆஸ்கார் விருதும் பெற்றார். அழகும் இளமையும் இல்லாத பெண்ணுக்கும் திரையில் மதிப்பான இடமுண்டு என்று அவர் அங்கே நிறுவியதை, இங்கே நம் ஆச்சி நிறுவினார்.

அவர் அதை எவ்வாறு செய்தார்? அவருடைய மொழியைக் கவனியுங்கள். 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனும் பத்மினியும் நாயனத்தாலும் நாட்டியத்தாலும் போட்டியிடுகின்றனர். அவ்விருவருக்கும் நடுவே நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வருகிறார் மனோரமா. நாயனத்தின் இனிமையைக் கேட்டு மயங்கி, இந்த நாயனத்தில் மட்டும்தான் இப்படி வருமா என்று அவர் வெள்ளையாகக் கேட்கும் காட்சி, பார்த்தவர் எவருக்கும் மறவாது. அதே ஆண்டில் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைக் குடிசைப் பகுதிப் பேச்சை அப்படியே எடுத்து, தம் சொந்தக் குரலில் பாடி ஊரையே பாட வைத்தார். செட்டிநாட்டுப் பேச்சும் மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும் அவர் நாவில் இயல்பாகத் தவழ்ந்தன. வீட்டு வேலை செய்யும் பெண், கூடை சுமப்பவள், எழுத்தறியாத மனைவி ஆகியோரின் பேச்சு படித்தவர் நடுவே ஏளனத்துக்கு உரியதாய் இருந்தது. அப்பேச்சுக்குள் இருந்த கூர்மையையும் அறிவையும் அவர் வெளிக்கொணர்ந்தார். வேலைக்காரச் சிறுமியாய்ப் பிறர் வீட்டு முற்றத்தில் நின்றவருக்கு அம்மொழி புத்தகத்திலிருந்து வந்ததன்று.

விசு இயக்கி 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ நம் குடும்பங்கள் பலவும் கண்ட படம். அதில் முதலியார் வீட்டு மகள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறாள். மனக்கசப்பால் பிறந்தகம் திரும்பிவிடுகிறாள். இரு வீட்டாரும் மானம் பார்த்து விறைத்து நிற்கின்றனர். படித்த பெரியவர்களால் ஆகாத காரியத்தை அவ்வீட்டுப் பணிப்பெண் கண்ணம்மா முடித்துவைக்கிறாள். வேண்டுமென்றே வம்பு வளர்த்துச் சண்டையிட்டு அவள் ஆடும் நாடகத்தைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். அச்சிரிப்பு அடங்கியபோது, பிரிந்த இருவர் ஒன்று சேர்ந்திருந்தனர். கண்ணம்மாவைக் கண்டு யாரும் இகழ்ந்து சிரிக்கவில்லை. அவள் சமர்த்தைக் கண்டு மகிழ்ந்து சிரித்தோம். எள்ளலுக்கும் நல்ல நகைக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கும்.

எல்லாப் படங்களையும் இவ்வாறு புகழ இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடல் பருமனையும், முதிர்ந்த வயதையும், மணமாகாத நிலையையும் கேலிக்குரியவை ஆக்கும் வழக்கம் தமிழ்த் திரையில் நெடுநாள் இருந்தது; இன்றும் முற்றாக ஒழியவில்லை. அத்தகைய வேடங்களும் மனோரமாவிடம் வந்தன. அவர் நடித்தும் உள்ளார். ஆயினும் எளிய வேடத்துக்குள்ளும் ஒரு மனுஷியின் மனத்தை எங்கேனும் ஓரிடத்தில் காட்டிவிடுவது அவர் வழக்கம். ஆகவேதான் சிரிக்கவைத்த அதே முகம் அழவைத்தபோதும் மக்கள் நம்பினர். ‘புதிய பாதை’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அவரைத் தேடிவந்தது. ‘சின்னத் தம்பி’யிலும் ‘சின்னக் கவுண்ட’ரிலும் தாயாக வந்தார். 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இந்தியன்’ படத்தில், கணவனை இழந்து, தனக்கு வரவேண்டிய தொகைக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் ஏழைப் பெண்ணாக நடித்தார். பட்டாசு ஆலை விபத்துகளைக் கண்ட நம் வட்டாரம் அத்தகைய பெண்களை நன்கு அறியும்.

அண்ணாதுரை, கருணாநிதி ஆகியோரோடு மேடையிலும், எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, என். டி. இராமராவ் ஆகியோரோடு திரையிலும் நடித்ததால், முதலமைச்சர்கள் ஐவருடன் நடித்தவர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்ததற்காகக் கின்னஸ் நூலிலும் இடம்பெற்றார். 2002-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், தம் 78-ஆம் வயதில், சென்னையில் மறைந்தார். விருதுகள் பலவாயினும், மக்கள் வழங்கிய பட்டம் ஒன்றே, ‘ஆச்சி’. செட்டிநாட்டில் பெண்களை மதிப்போடு அழைக்கும் சொல் அது. வேலைக்காரியின் மகளாய் அம்மண்ணில் வளர்ந்தவரை நாடே அச்சொல்லால் அழைத்தது.

அன்பர்களே! தொலைக்காட்சி வருமுன், ஞாயிறு பிற்பகல்களில் வானொலியின் ஒலிச்சித்திரத்தில் இவர் குரலைக் கேட்டபடியே பெட்டி ஒட்டிய கைகள் நம் ஊர்களில் பல உண்டு. அக்கைகளுக்கு அக்குரல் ஓய்வு தந்தது. இன்று அக்கைகள் தளர்ந்துவிட்டன. பாட்டி சொல்லை மாற்றிச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றனர். கைப்பேசியை இயக்கத் தெரியாமல் அம்மா தடுமாறினால் மகன் கேலி செய்கிறான். மருமகளின் ஊர்ப் பேச்சை மாமியார் வீட்டார் நடித்துக் காட்டுகின்றனர். விளையாட்டாகத்தானே என்கிறோம். கேலிக்கு உள்ளாகிறவரும் சேர்ந்து சிரித்தால் அது விளையாட்டுத்தான். அவர் முகம் வாடினால், அது தொல்காப்பியர் முதலில் வைத்த எள்ளல்.

குடும்பத் தலைவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். இன்றிரவு உணவுக்குப் பின், வீட்டில் எவரைக் கண்டு அதிகம் சிரிக்கிறோமோ அவரருகே பிள்ளைகளை அமர்த்துங்கள். அவர் எத்தனை வயதில் வேலைக்குச் சென்றார், முதற்கூலி எவ்வளவு, அதைக் கொண்டு யாருக்கு என்ன வாங்கினார் என்று கேட்கச் சொல்லுங்கள். அக்கதையில் சிரிப்பதற்கும் நிறைய இருக்கும். அதைச் சொல்லும் உரிமை அவருடையது. கேட்டுச் சிரிக்கும் பேறு நம்முடையது.