கூலி: ஆளின் பெயரா, முதலாளியின் பாக்கியா?

ஆங்கில அகராதியில் ‘கூலி’ என்றொரு சொல் இருக்கிறது. மூட்டை சுமக்கிறவன், தோட்டத்தில் உழைக்கிறவன் என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். குஜராத்துக் ‘கோலி’ ஜாதியின் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர். தமிழிலிருந்து போனது என்பார் சிலர். பண்டிதர்களின் வழக்கு நடக்கட்டும். நமது வழக்கு வேறு.

தமிழில் கூலி என்பது ஆள் அல்ல. பாடுபட்டதற்கு வரவேண்டிய பலன். வள்ளுவரும் உடல் வருத்தத்தின் பலனைத்தான் கூலி என்றார். ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக் கரையில் வாழைத்தார் சுமப்பவர் சாயங்காலம் ‘கூலி கொடு’ என்று கேட்கிறார். அந்த நேரத்தில் கடன்காரன் யார்? தோட்டத்துக்காரன்தான்!

வெள்ளைத் துரைமார் இதைத் தலைகீழாக்கினார்கள். கூலி வாங்குகிறவனுக்கே கூலி என்று பெயர் சூட்டினார்கள். மனிதன் மறைந்தான், விலைச்சீட்டு மட்டும் நின்றது.

இது வெறும் வார்த்தை விளையாட்டா? இல்லை. இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-ல் ஏற்படுத்திய ‘சிலோன் லேபர் கமிஷ’னின் தலைமை ஆபீஸ் இருந்தது நம் திருச்சியில்தான். கங்காணி கிராமம் கிராமமாகச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தான். பிடிபட்டவருக்கு எண் பொறித்த தகர வில்லை. வழிச்செலவும் சாப்பாடும் அவர் தலையில் கடன். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான். 1921-ல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

பார்த்தீர்களா சூழ்ச்சியை? கூலி பெறவேண்டியவன் கடன்காரன் ஆனான். கொடுக்கவேண்டியவன் கடன் கொடுத்த மகராசன் ஆனான்!

1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. அங்கே நிறவெறியர்கள் வியாபாரியையும் கூலி என்றார்கள். காந்தியைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். இலங்கையிலோ, தேயிலை மலையை உருவாக்கிய லட்சக்கணக்கான மக்களை 1948-ம் வருஷத்துச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் இரண்டு சர்க்கார்களும் அவர்களை மந்தையைப் பிரிப்பதுபோலப் பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

துரைமார் போனார்கள், தந்திரம் போகவில்லை. 2016 ரயில்வே பட்ஜெட்டில் மந்திரி சுரேஷ் பிரபு, ஸ்டேஷன் கூலிகளை இனி ‘சகாயக்’ என்று அழைப்போம் என்றார். சட்டைக்குப் புதுப் பெயர், சம்பளம் உண்டா? திருச்சி ஜங்ஷனில் சுமை தூக்கும் லைசென்ஸ் போர்ட்டர், பிரயாணி கொடுப்பதை நம்பித்தான் பிழைக்கிறார்.

கூலி என்ற சொல்லுக்காக நாம் வெட்கப்படவேண்டுமா? ஒருக்காலும் இல்லை! கொடுக்காதவன் வெட்கப்படட்டும். பழைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்களே, எதற்காக? விவசாயத் தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்து நின்று கூலி உயர்வு கேட்டதற்காக. மிராசுதாருக்கு அந்தச் சொல்லின் உண்மைப் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது.

மில் தோழர்களே, வயல் தோழர்களே! கூலி நம் பெயரல்ல; நமக்கு வரவேண்டிய பாக்கி. தனியாகக் கேட்டால் அதட்டுவான். சங்கமாகக் கேட்டால் கணக்கைத் திறப்பான்.

பெயரை மாற்றாதே, பாக்கியைத் தீர்!